26 வாரக் கரு, உச்ச நீதிமன்றம், அரசு: முடிவெடுக்க வேண்டியது யார்?

கொள்ளிடக்கரை:

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரே வாரத்தில் தலைகீழாக மாறிய ஒரு வழக்கைப் பற்றிப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ‘26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி மறுப்பு’ என்று ஒரு வரிச் செய்தியாகப் படித்திருப்பீர்கள். உள்ளே நடந்தது அதைவிடப் பெரியது.

27 வயதுப் பெண், திருமணமானவர், இரண்டு குழந்தைகள். இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை, கரு தங்கியதே தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்து நீதிமன்றம் போவதற்குள் 24 வாரம் தாண்டிவிட்டது. அக்டோபர் 9 அன்று நீதிபதிகள் ஹிமா கோஹ்லி, பி.வி. நாகரத்னா இருவரும் அனுமதி கொடுத்தார்கள். மறுநாள் எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் போகிறது: கரு உயிர்பிழைக்கும் நிலையில் இருக்கிறது, இதயத்துடிப்பை நிறுத்திவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டுமா, தெளிவாகச் சொல்லுங்கள் என்று. 11ஆம் தேதி அதே இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். தன் மனசாட்சி இடம் தரவில்லை என்றார் ஒருவர். அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும், கருவைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி ஆளாகப் பார்க்க முடியாது என்றார் மற்றவர். 16ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூன்று பேர் அமர்வு மறுத்துவிட்டது. பிரசவச் செலவை அரசு பார்த்துக்கொள்ளும், வேண்டுமானால் தத்துக் கொடுக்கலாம் என்றது.

இதோடு 2009 சண்டிகர் வழக்கைச் சேர்த்துப் படியுங்கள். அரசுக் காப்பகத்தில் இருந்த, மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண் பாலியல் வன்முறையால் கருவுற்றார். அவர் குழந்தை வேண்டும் என்றார். சண்டிகர் நிர்வாகம் கலைக்க வேண்டும் என்று நீதிமன்றம் போனது, உயர் நீதிமன்றமும் சரி என்றது. உச்ச நீதிமன்றம்தான் தடுத்தது.

ஒரு வழக்கில் அவர் வேண்டும் என்கிறார், அரசு கலைக்கச் சொல்கிறது. இன்னொன்றில் அவர் வேண்டாம் என்கிறார், அரசு பெற்றெடுக்கச் சொல்கிறது. இரண்டிலும் மாறாதது ஒன்றுதான்: அவருடைய சொல் கடைசிச் சொல் இல்லை. கரு எப்போது ஆளாகிறது என்ற கேள்வியிலேயே நம் விவாதங்கள் சிக்கிக்கொள்கின்றன. நம் நாட்டில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, அரசுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, 24 வரை இரண்டு பேருடையது, அதற்கு மேல் மருத்துவ வாரியம் என்று போகிற கருக்கலைப்புச் சட்டத்தில், ‘கேட்டாலே போதும், காரணம் சொல்ல வேண்டாம்’ என்று ஒரு நாளைக்கூட அந்தப் பெண்ணுக்கு ஒதுக்கவில்லை.

செபஸ்தி_தூத்துக்குடி:

கொள்ளிடக்கரை அண்ணா, வழக்கை நேர்மையாகச் சொன்னீர்கள். ஆனால் மின்னஞ்சலை எழுதிய மருத்துவரின் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

என் அக்கா மகள் ஏழாம் மாதத் தொடக்கத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என் சுட்டுவிரலை அவள் உள்ளங்கை முழுதாகப் பிடிக்கவில்லை, நகத்தை மட்டும் பிடித்தாள். மூக்கில் குழாய், காலில் ஊசி. அங்கே இருந்த நர்சுகள் ராத்திரி பகலாகக் காப்பாற்றினார்கள். அதே வாரக் கணக்கில் இருக்கிற இன்னொரு குழந்தையின் இதயத்தை ஊசி போட்டு நிறுத்துங்கள் என்று அதே கட்டடத்தில் இன்னொரு மருத்துவரிடம் சொன்னால், அவர் ‘தெளிவாகச் சொல்லுங்கள்’ என்று கேட்கத்தான் செய்வார். கேட்காத மருத்துவரிடம் எனக்குப் பயம்.

நான் கத்தோலிக்கன், கருவான நொடியிலிருந்து அது உயிர் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையைச் சட்டமாக்கி எல்லார் மேலும் சுமத்தச் சொல்லவில்லை. ஆனால் வெளியே வந்தால் பிழைக்கும் என்ற நிலைக்கு வந்துவிட்ட பிறகு அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவரால் பேச முடியாது. பேச முடியாதவருக்காக அரசு பேசக் கூடாது என்றால் அரசு எதற்கு?

மதுரைக்கிளை:

வழக்கறிஞர் என்ற முறையில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் வைத்துவிடுகிறேன், அப்புறம் சண்டை போடலாம்.

நம் சட்டத்தில் கரு முழு நபரும் அல்ல, ஒன்றுமில்லாததும் அல்ல. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, அப்பா இறக்கும்போது வயிற்றில் இருந்த குழந்தைக்கும் சொத்தில் பங்கு உண்டு. ஆனால் உயிரோடு பிறந்தால்தான். 1882 சொத்து மாற்றுச் சட்டம் பிறக்காதவர் நலனுக்காகவும் சொத்து எழுதிவைக்க விடுகிறது. கர்ப்பிணிக்கு மரண தண்டனை விதித்திருந்தால் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தாக வேண்டும். இன்னொரு பக்கம், வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் மரணத்துக்குக் காரணமாவது கொலைக் குற்றம் ஆகாது என்று 1860லேயே தண்டனைச் சட்டம் எழுதிவிட்டது. உடலின் எந்தப் பகுதியாவது வெளியே வந்துவிட்டால் கதை வேறு. அதற்குப் பதிலாக வந்திருக்கும் இன்றைய நியாய சன்ஹிதாவிலும் அதே வாசகம்தான்.

சட்டத்தில் ‘நபர்’ என்பது ஒரு தேவைக்காகக் கொடுக்கிற இடம். கோயில் மூலவர் வழக்குப் போடலாம். கம்பெனி போடலாம். 2022இல் எங்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலேயே இயற்கை அன்னையை உயிருள்ள சட்ட நபர் என்று அறிவித்துத் தீர்ப்பு வந்தது. அதனால் கருவை நபர் என்று அறிவிப்பதும் நீதிமன்றத்தால் முடியாத காரியம் இல்லை. அந்த நபர் இன்னொரு நபரின் உடம்புக்குள் இருக்கிறார் என்பதுதான் சிக்கல். மூலவருக்குச் சொத்துரிமை கொடுத்தால் யாருடைய கர்ப்பப்பையையும் அரசு கண்காணிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. கருக்கலைப்பு இன்றைக்கும் இந்தியாவில் குற்றம். முன்பு தண்டனைச் சட்டம் 312, இப்போது நியாய சன்ஹிதா 88. தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்ததைத் தவிர மற்றதெல்லாம் மூன்று ஆண்டு வரை சிறை, கருவில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் இதில் அடக்கம். 1971 கருக்கலைப்புச் சட்டம் அந்தக் குற்றத்திலிருந்து மருத்துவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. அதை உரிமைச் சட்டம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கிராமச்செவிலி:

வக்கீல் சார் சொன்ன 1971 சட்டம் தரையில் எப்படி இருக்கிறது என்று நான் சொல்கிறேன்.

10 வாரக் கருவோடு ஒரு பெண் ஓ.பி.க்கு வருகிறார். மூன்றாவது. புடவைத் தலைப்பில் ஆதார் அட்டையை முடிந்து வைத்திருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து முதல் கேள்வி, “வீட்டுக்காரர் வந்திருக்காரா?” படிவம் சி என்று ஒன்று இருக்கிறது, சம்மதப் படிவம். 18 வயது நிரம்பிய பெண் என்றால் அவர் கையெழுத்து மட்டும் போதும், கணவருக்கு அதில் இடமே கிடையாது. ஆனால் படிவத்தின் அடியில் பேனாவால் ஒரு கோடு இழுத்து, ‘கணவர்’ என்று எழுதி, அதில் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் போனவரில் பாதிப் பேர் திரும்ப வருவதில்லை. மருந்துக் கடையில் கருக்கலைப்பு மாத்திரை கிட் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ரத்தம் நிற்காமல் ஆட்டோவில் வருவார்கள், அல்லது குழந்தையைப் பெற்றுக்கொள்வார்கள்.

இன்னொரு நிபந்தனை, ‘கு.க. (குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்) பண்ணிக்கிட்டாத்தான் செய்வோம்’ என்பது. அல்லது காப்பர் டி. சட்டத்தில் எங்கேயும் இல்லை. கொள்ளிடக்கரை சார், அரசுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, எனக்குப் பதில் இங்கேதான் இருப்பதாகப் படுகிறது. திருட்டுத்தனமாகக் கலைக்கப் போய்ப் பெண்கள் செத்துக்கொண்டிருந்ததால் 1964இல் சாந்திலால் ஷா குழு போட்டார்கள், அதன் அறிக்கையிலிருந்துதான் சட்டம் வந்தது. சரி. ஆனால் அதே காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கருத்தடை தோற்றுப்போனால் கலைக்கலாம் என்ற வசதி 2021 வரை சட்ட வாசகத்தில் திருமணமான பெண்ணுக்கும் கணவருக்கும் மட்டும். இது பெண்ணுக்காகவே எழுதிய சட்டம் என்றால் கல்யாணம் ஆகாதவரை ஏன் 50 வருஷம் வெளியே நிறுத்தினார்கள்? குழந்தை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்கிற கணக்கும் அதில் கலந்திருந்தது.

நிலா_அம்மா:

கு.க. விஷயம் நூறு சதவீதம் உண்மை. என் அண்ணிக்கு நடந்தது.

சக்கரநாற்காலி:

எல்லாரும் தாண்டிப் போன ஒரு இடத்தில் நான் நிற்க வேண்டியிருக்கிறது.

24 வாரத்துக்கு மேல் வாரியம் அனுமதி தருவதற்குச் சட்டத்தில் ஒரே காரணம்தான் எழுதியிருக்கிறது: கருவில் கணிசமான குறைபாடு. அப்படியென்றால் வார வரம்பே கிடையாது. 2023 வழக்கில் மூன்று நீதிபதிகளும் மறுத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கருவில் குறைபாடு எதுவும் இல்லை என்பது. அதைத் திருப்பிப் படியுங்கள். குறைபாடு இருந்திருந்தால் 26 வாரம், 30 வாரம் எல்லாம் அரசுக்குப் பிரச்சினையே இல்லை.

எனக்கு ஸ்பைனா பிஃபிடா. பிறக்கும்போதே முதுகுத்தண்டு சரியாக மூடாமல் இருந்தது. இன்றைக்கு ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். செபஸ்தி சார், பேச முடியாதவருக்காக அரசு பேசுகிறது என்றீர்கள். அரசு எல்லாக் கருவுக்காகவும் பேசவில்லை. என்னைப் போன்றவர்கள் என்றால் அதன் குரல் நின்றுவிடுகிறது. உயிரைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு எந்த உயிர் காக்கத் தகுந்தது என்று ஒரு வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தயவுசெய்து என்னைக் கருக்கலைப்புக்கு எதிரானவன் என்று எண்ண வேண்டாம். ஒரு அம்மாவைக் கட்டாயப்படுத்திப் பெற வைத்து, அந்தக் குழந்தைக்கு ஏறிப் போக ஒரு பேருந்து கூட இல்லாத ஊரில் விட்டுவிடுவதை நான் கேட்கவில்லை. அவர் எந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்கிறார் என்பதை அரசு கேட்கவே கூடாது என்கிறேன். கேட்டு, ‘ஓ, ஊனமா, அப்படியென்றால் சரி’ என்று தலையாட்டக் கூடாது.

கொள்ளிடக்கரை:

சக்கரநாற்காலி தோழர், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் தொடங்கிய இடத்தைவிட நீங்கள் நிற்கும் இடம்தான் சரியான இடம். சண்டிகரில் நடந்ததும் இதுதானே. அந்தப் பெண்ணால் குழந்தை வளர்க்க முடியாது என்று நிர்வாகமே முடிவு கட்டியது. வரிசை போடும் அதிகாரம் ஒரு முறை கைக்கு வந்துவிட்டால் அது கருவோடு நிற்பதில்லை, அம்மாவையும் வரிசையில் நிறுத்தும்.

செபஸ்தி, உங்கள் அக்கா மகளை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அவளைக் காப்பாற்றியவர்கள் அவள் அம்மா விரும்பியதைச் செய்தார்கள். 2023இல் அந்தப் பெண், மனச்சோர்வோடு, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இன்னும் பல வாரம் சுமந்தாக வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுதியது. இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டாலும், ஒருவருக்காக இன்னொருவர் உடம்பைக் கடன் வாங்கும் உரிமை வேறு எங்கேயும் சட்டத்தில் இல்லை. சொந்த மகனுக்கே சிறுநீரகம் கொடு என்று எந்த நீதிமன்றமும் அப்பாவுக்கு உத்தரவு போட முடியாது.

வைகை_மண்:

நான் உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கு எது ஞாபகம் வரும் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்: பெண் சிசுக்கொலை. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் கொண்டுவந்தார்கள்? ஒவ்வொரு ஸ்கேன் சென்டர் வாசலிலும் ‘ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது’ என்ற பலகை ஏன் தொங்குகிறது? காரணமே கேட்கக் கூடாது, முடிவு அவளுடையது என்று எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் எத்தனை வீட்டில் முடிவு அவளுடையது? ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 1000 ஆணுக்கு 945 பெண் என்று 1991 கணக்கெடுப்பில் இருந்தது 2001இல் 927 ஆனது, நாடு முழுக்க. மாமியார் சொல்வாள், புருஷன் சொல்வான், கையெழுத்து இவளுடையதாக இருக்கும். அரசு விலகிக்கொண்டால் அந்த இடத்துக்குக் குடும்பம் வந்து உட்காரும். எனக்கு அரசாவது பரவாயில்லை, கோர்ட்டில் கேள்வி கேட்கலாம்.

மதுரைக்கிளை:

வைகை_மண் அம்மா, இந்த இழையிலேயே கனமான கேள்வி உங்களுடையது. சட்டம் என்ன வழி எடுத்தது என்று பாருங்கள். 1994 சட்டம் பாலினம் பார்த்துச் சொல்வதைக் குற்றமாக்கியது. தண்டனை ஸ்கேன் எடுத்துச் சொன்னவருக்கும் கேட்டவருக்கும். கர்ப்பிணியைப் பொறுத்தவரை, கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியிருக்கிறார் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், 24ஆம் பிரிவு. நீங்கள் சொன்ன மாமியாரை அந்தச் சட்டம் பார்த்திருக்கிறது.

ஆனால் நடைமுறையில் இரண்டு சட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள். நான்காம் ஐந்தாம் மாதத்தில் யார் வந்தாலும் பெண் கரு என்றுதான் கலைக்க வந்திருக்கிறார் என்று சந்தேகம், நமக்கெதற்கு வம்பு என்று மருத்துவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பு இதைத் தொட்டது. மணிப்பூரைச் சேர்ந்த, திருமணம் ஆகாத 25 வயதுப் பெண்ணின் வழக்கு. 20 முதல் 24 வாரத்தில் திருமணம் ஆனவர், ஆகாதவர் என்ற பாகுபாடு செல்லாது என்றது. கணவர் செய்த வன்புணர்வும் கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை வன்புணர்வே என்றது. சட்டத்தில் இல்லாத கூடுதல் நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக் கூடாது என்றும் சொன்னது. சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டமான போக்சோவில் புகார் கட்டாயம் என்பதற்குப் பயந்து சிறுமிகள் ஒளிந்து போகிறார்கள் அல்லவா, அந்தச் சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் தகவல் கொடுக்கும்போது பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றது. ஓராண்டு கழித்து 2023இல் மறுத்த மூன்று பேரில் இருவர் இந்தத் தீர்ப்பின் அமர்விலும் இருந்தவர்கள்.

கால்வே_நர்ஸ்:

அயர்லாந்தின் கால்வே நகரில் வேலை பார்க்கிறேன். கருவைச் சட்டத்தில் நபராக்கினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, இந்த நாடு 35 வருஷம் அதைச் செய்து பார்த்தது. 1983இல் வாக்கெடுப்பு நடத்தி, தாய்க்கும் பிறக்காத குழந்தைக்கும் உயிர் வாழும் உரிமை சமம் என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். படித்தால் நியாயமாகத்தான் தெரியும்.

2012 அக்டோபரில் இதே கால்வேயில் சவிதா ஹலப்பனவர், பெலகாவிக்காரர், பல் மருத்துவர், 31 வயது. 17 வாரத்தில் கரு கலையத் தொடங்கிவிட்டது, பிழைக்க வழியில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். இதயத்துடிப்பு இருக்கிறது, முடியாது என்றார்கள். கிருமி ரத்தத்தில் ஏறி 28ஆம் தேதி இறந்துபோனார். சமம் என்று எழுதியதன் பொருள், மருத்துவர் படுக்கையருகே நின்று சிகிச்சையை யோசிக்கிற நேரத்தில் சிறையையும் யோசிக்க வேண்டியிருந்தது என்பதுதான். 2014இல் மூளைச்சாவு அடைந்த ஒரு கர்ப்பிணியின் உடலைக் கருவின் காரணமாகவே இயந்திரத்தில் வைத்திருந்தார்கள், அவருடைய அப்பா நீதிமன்றம் போய்த்தான் நிறுத்த வேண்டியிருந்தது. 2018 மே வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் அந்தத் திருத்தத்தை நீக்க ஓட்டுப் போட்டார்கள். டப்ளினில் சவிதாவின் படம் வரைந்த சுவரில் ஜனங்கள் காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். அதில் நிறைய ‘மன்னித்துவிடு’ என்றுதான் இருந்தன.

செபஸ்தி_தூத்துக்குடி:

சவிதா விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, சகோதரி. தாய் உயிருக்கு ஆபத்து என்றால் எந்த வாரமானாலும் உடனே செய்யலாம் என்று நம் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது, அது இருந்தே ஆக வேண்டும். எந்தப் பெண்ணும் இதற்காகச் சிறைக்குப் போகக் கூடாது, வக்கீல் சார் சொன்ன 88ஆம் பிரிவிலிருந்து பெண்ணை எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறேன்.

ஆனால் சிறுநீரகம் கொடுக்காத அப்பா மகனைக் கொல்லவில்லை. ஊசி போட்டு இதயத்தை நிறுத்துவது வேறு. அந்த வேறுபாட்டை என்னால் விட முடியாது. பிழைக்கக்கூடிய வாரம் வந்த பிறகு, கோடு அங்கேதான் இருக்க வேண்டும். சக்கரநாற்காலி சார் சொன்ன அநீதியைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த வழி, எல்லாக் கருவுக்கும் ஒரே கோடு. அப்படிக் கோடு போடுகிற அரசு, பிரசவச் செலவோடு கையைக் கழுவக் கூடாது. அந்தப் பெண்ணின் மனச்சோர்வுக்கு யார் பொறுப்பு? வீட்டிலிருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு? ஊனத்தோடு பிறக்கிற பிள்ளைக்கு 18 வயது வரை, அதற்குப் பிறகும்? ‘பெற்றுக்கொள்’ என்று உத்தரவு போடும் நீதிமன்றம் அதையும் உத்தரவில் எழுத வேண்டும்.

சக்கரநாற்காலி:

எல்லாக் கருவுக்கும் ஒரே கோடு என்பதை நான் ஏற்கவில்லை, ஆனால் கடைசி நான்கு வாக்கியத்துக்கு என் கையெழுத்தும் உண்டு.

புதுஉறுப்பினர்_22:

மன்னிக்கவும், விவாதத்துக்கு நடுவில் கேட்கிறேன். என் தங்கைக்கு 18 வாரம். கணவன் அடித்துத் துரத்திவிட்டான், சில மாதமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். விவாகரத்துக்குக் கொடுத்திருக்கிறோம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள், இன்னொரு இடத்தில் கோர்ட் ஆர்டர் கொண்டுவாருங்கள் என்றார்கள். அவனிடம் போய் எப்படிக் கேட்பது? கோர்ட்டுக்குப் போனால் 20 வாரம் தாண்டிவிடுமே?

மதுரைக்கிளை:

தம்பி, கோர்ட்டுக்குப் போக வேண்டாம். 20 வாரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரின் கருத்து போதும், தங்கை 18 வயது நிரம்பியவர் என்றால் அவர் கையெழுத்து மட்டும் போதும். கணவர் சம்மதம் தேவையில்லை. கணவர் ஒருவர் மனைவி மேலும் மருத்துவர் மேலும் நஷ்டஈடு வழக்குப் போட்டு, 2017இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றுவிட்டார். நாளைக் காலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குப் போங்கள், இருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்த அடிதடி, மனநிலை எல்லாவற்றையும் தங்கையே மருத்துவரிடம் சொல்லட்டும், இப்போதைய சூழ்நிலையைக் கணக்கில் எடுக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அங்கிருந்தே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100இல் கூப்பிடலாம்.

கிராமச்செவிலி:

தம்பி, நாளைக்கே போங்கள், திங்கள் வரை தள்ளாதீர்கள். கிட் வாங்கிக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது 9 வாரம் வரைக்கும்தான், 18இல் உயிருக்கே ஆபத்து. கூட ஒரு பெண் போகட்டும், அம்மாவோ அக்காவோ. கு.க. பண்ணினால்தான் என்றால் வேண்டாம் என்று சொல்லத் தங்கைக்கு உரிமை இருக்கிறது. எந்த மாவட்டம் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள், அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.